இந்திராணி கேட்ட பாட்டு

சித்திரை மாதம் ஏழாம் தேதி காலை ஆறே கால் மணிக்கு, மேலச்செம்பட்டிக்கு மேற்கே படுத்துக்கிடக்கும் ஊமைக்கரடு, முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் தனக்குள் வாங்கி வைத்திருந்த சத்தங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் வந்தது ஓர் இருமல். அப்புறம், ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ’ என்று இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனின் குரல். அதன் பிறகு பிள்ளையார் பாட்டு. வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த பவுன்ராஜ் வாய் நிறைய நுரையோடு நிமிர்ந்து பார்த்து, அது தன்னுடைய குரல்தான் என்று அடையாளம் கண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் போய் மனைவி வேலுத்தாயிடம், "நம்ம ரேடியோ செட்டு பாடுது" என்றார்.

"அதைத்தான் எப்பவோ எடைக்குப் போட்டாச்சே."

"கரட்டுல பாடுது."

வேலுத்தாய் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கரடு இருந்த இடத்தில் இருந்தது. "காப்பி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்தக் கரட்டுக்கு ஊமை என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்த மலையைப் பார்த்து ‘ஓய்’ என்று கத்தினாலும் அது ‘ஓய்’ என்று திருப்பிக் கத்தும். இது மட்டும் எதைச் சொன்னாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் கிடக்கும். ரேடியோ செட்டுக்காரர்களுக்கு அதனால் அது பிடித்த கரடு, பாட்டு இரட்டையாகக் கேட்காது. எண்பதுகளில் ‘செவ்வந்தி சவுண்ட் சர்வீஸ்’ என்று தகரப் பலகை மாட்டி, இரண்டு ஆம்ப்ளிஃபயரும் நாலு குழாய் ஸ்பீக்கரும் எழுபது இசைத்தட்டுகளும் வைத்திருந்த பவுன்ராஜ், கல்யாணமோ காதுகுத்தோ சடங்கோ மாரியம்மன் பொங்கலோ கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் புளியமரத்து உச்சியில் ஏறி, குழாயின் வாயைக் கரட்டுப் பக்கம் திருப்பித்தான் கட்டுவார். அப்படி அவர் போட்ட பாட்டெல்லாம், மழைக்குள் நடந்து போகிறது போல கீபோர்டு ஆரம்பிக்கும் பாட்டும், கதாநாயகன் பைக்கில் போகும்போது விசிலடித்துக்கொண்டே பாடும் பாட்டும், வயலின் ஐம்பது பேர் வாசித்து முடித்த பிறகு ஒற்றைப் புல்லாங்குழல் அழும் பாட்டும், ‘டிஸ்கோ’ என்ற சொல்லைத் தவிர வேறு அர்த்தமே இல்லாத பாட்டும், எல்லாம் அந்தப் பாறைகளுக்குள் போய்ப் படிந்திருந்தன. சித்திரை ஏழிலிருந்து, முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அதே தேதியில் ஊரில் என்ன கேட்டதோ அது, அதே மணிக்கு, கரட்டிலிருந்து இறங்கி வந்தது.

ஊர் முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது, மூன்றாம் வாரம் கரடு அரைமணி நேரம் சும்மா இருந்தால் குறை சொல்ல ஆரம்பித்தது. புதுக் காலனியில் வீடு கட்டி வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுக்க, விசாரிக்க வந்த எஸ்.ஐ. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கரட்டை வெகுநேரம் பார்த்து, "யார் பேர்லங்க கேஸ் போடுறது?" என்று கேட்டுவிட்டு, அப்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியும்வரை இருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். செல்போனில் பதிவு செய்தவர்களுக்குக் காற்றுச் சத்தம் மட்டும்தான் பதிந்தது. கேட்க வேண்டுமென்றால் வந்துதான் ஆகவேண்டும் என்று ஆனபிறகு, மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் நரைத்த தலைகள் வேன் பிடித்து வந்து இறங்கின. கல்யாண மண்டபக்காரர் பாட்டுக் கச்சேரி வைப்பதை விட்டுவிட்டு, கரட்டில் இனி எந்தத் தேதியில் எந்த வீட்டுக் கல்யாணம் ஒலிக்கும் என்று பெரியவர்களிடம் விசாரித்து, அந்தத் தேதியில் முகூர்த்தம் வைக்கச் சொன்னார். பஞ்சாயத்து டிவியில் வாரம் ஒருமுறை பாட்டுப் போட்ட அந்தக் காலத்து வெள்ளிக்கிழமை, இந்தக் காலத்து வியாழக்கிழமையில் வந்து விழுந்தது. அதனால் ஊர் வியாழக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துக்கொண்டு கரட்டைப் பார்த்து உட்கார்ந்தது. எதிரெதிர் நடிகர்களுக்கு ரசிகர் மன்றம் வைத்து ஒருகாலத்தில் அடித்துக்கொண்ட மணவாளனும் சையது பாயும், இப்போது ஒருவர் முட்டிக்குத் தைலம் தேய்ப்பவர், மற்றவர் சர்க்கரைக்கு ஊசி போடுபவர், தத்தம் நடிகரின் பாட்டு கரட்டில் எத்தனை தடவை வந்தது என்று சுவரில் கரிக்கோடு போட்டு, கடைசியில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருக்குமே பரம சந்தோஷம்.

பெண்கள் கண்டுபிடித்தது வேறு. கரட்டடியில் வடகம் காயப்போட்டவர்கள் ஒருநாள் மத்தியானம் அடிவாரப் பாறைகளில் காதை வைத்துப் பார்த்தபோது, அங்கே பாட்டு ஒலிக்கவில்லை, பேச்சு ஒலித்தது. குழாய்ச் சத்தம் உயரத்தில் போனதால் மேல்பாறைக்குள் போய்விட்டதாம். மனுசர் பேசியது தரையோடு தரையாகப் போய்க் கீழ்ப்பாறைக்குள் தங்கிவிட்டதாம். செத்துப்போன அம்மா ‘ஏய், ஆட்டை அவுத்து விட்டியாடி’ என்று கூப்பிடுவதைக் கேட்க ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தினமும் நாலு மணிக்குப் போய் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆண்கள் மேலே பாட்டுக் கேட்டார்கள், பெண்கள் கீழே பேச்சுக் கேட்டார்கள். ஆண்கள் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

பவுன்ராஜுக்கு அறுபத்து மூன்று வயதில் மரியாதை வந்தது. செட்டுத் தொழில் போனபிறகு பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவரைத் தேடி வந்து சால்வை போட்டார்கள். "அன்னைக்கி எந்தப் பாட்டுக்கப்புறம் எந்தப் பாட்டுன்னு நீங்க அடுக்குனதுதாங்க இன்னைக்கி ஊரே கேக்குது" என்றார்கள். அவரும் நாற்காலியைக் கரட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன வரும் என்று கண்ணை மூடிச் சொல்லுவார், அதுவே வரும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்தார். ஆடி பிறந்ததும் சாப்பாடு குறைந்தது. ஆவணி ஐந்து வந்துகொண்டிருந்தது.

இந்திராணி அவருடைய ஒரே தங்கை. ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்த தர்மருக்கு உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்குப் பதினோராம் மாதம், ஆவணி ஐந்தாம் தேதி, கரட்டடிக் கருப்பர் கோயிலில் காது குத்தினார்கள். தாய்மாமன் என்ற முறையில் பவுன்ராஜ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். தங்கை வீட்டு விசேஷம் என்பதால் ரேடியோ செட்டும் அவருடையதுதான். மத்தியானம் பந்தி முடிந்த நேரத்தில் இந்திராணி செட்டுப் பெட்டியருகே வந்து ஏதோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பாட்டுத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்துத் தலையாட்டினார், அவள் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அவளைக் காணவில்லை. மூன்றாம் நாள் தென்னந்தோப்புக் கிணற்றில் கிடைத்தாள். தண்ணீர் எடுக்கப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்று தர்மர் வீட்டில் சொன்னார்கள். போலீஸ், கேஸ் என்று ஆகிவிடும் என்ற பயத்தில் அவசர அவசரமாகக் காரியத்தை முடித்தார்கள். யாரும் கூடி அழவில்லை, யாரும் துக்கம் கேட்க வரவில்லை.

அந்தக் குழந்தைதான் ரேணுகா. தர்மர் ஆறாம் மாதமே வேறு கல்யாணம் செய்துகொள்ள, பிள்ளையில்லாத பவுன்ராஜும் வேலுத்தாயும் அவளைத் தூக்கிவந்து வளர்த்தார்கள். அம்மா எப்படி இருப்பாள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் பவுன்ராஜ் அந்த ஒரே கதையைத்தான் சொன்னார். "உங்கம்மாவுக்குப் பாட்டுன்னா உசுரு. அன்னைக்கிக்கூட என்கிட்ட வந்து ஒரு பாட்டுக் கேட்டா. சத்தத்துல எனக்கு விளங்காமப் போச்சு தாயி." அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லாத குழந்தைக்கு, அம்மா என்றால் பெயர் தெரியாத ஒரு பாட்டு என்று ஆயிற்று. பள்ளிக்கூடத்து நோட்டில் அந்த வருடம் வந்த பாட்டுகளையெல்லாம் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டி, "இதுவா மாமா? இதுவா?" என்று கேட்பாள். "இருக்கும் தாயி" என்பார் அவர். இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது நெருங்குகிறது, திருப்பூரில் கணக்கு டீச்சர், கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். தான் பிறந்த வருடத்துப் பாட்டுகளைத் தவிர வேறெதையும் அவள் கேட்பதில்லை. அவளுடைய வயதுக்காரர்கள் கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள்.

ஆடி முடிவதற்கு நாலு நாள் இருக்கும்போது அவள் போன் செய்தாள்.

"மாமா, ஆவணி அஞ்சு புதன்கிழமைதான வருது? லீவு சொல்லிட்டேன்."

"எதுக்குத் தாயி அலைச்சல். பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல. கரட்டுக்கு மட்டும் கேட்டுருக்குமா?"

"கீழ்ப்பாறையில பேச்சு தனியாக் கேக்குதுன்னு அத்தை சொன்னாங்களே."

பவுன்ராஜ் வேலுத்தாயைப் பார்த்தார். அவள் அரிசி களையப் போவதுபோல எழுந்து போனாள்.

"என்ன பாட்டுன்னு தெரிஞ்சா போதும் மாமா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவர் போனை வைத்தார். தங்கையின் குரலைக் கேட்கப்போகிறோம் என்று ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அதோடு சேர்ந்து ரேணுகா வராமல் இருந்தால் நல்லது என்று ஏன் தோன்றுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்த்தார். ஞாபகத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தங்கையின் உதடு அசைந்தது, அவர் சிரித்துத் தலையாட்டினார். அதற்கு முன்னால் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால் அங்கே ஒன்றும் இல்லை.

புதன்கிழமை காலை கரடு அவருடைய மைக் டெஸ்டோடு விழித்தது. ஒன்பது மணிக்கு நாயனம் ஒலித்தது. ஒன்பதே முக்காலுக்கு மேளம் கெட்டிமேளமாகி, அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் ஊரெல்லாம் கேட்டது. யாரோ மைக்கைப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். வாசலில் நின்றிருந்த ரேணுகா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நாந்தானா மாமா?"

"நீதான் தாயி. என் வேட்டியை நனைச்சுட்ட."

அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள், குழந்தை அழுததைக் கேட்டு நாற்பது வயது டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருத்தி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்த ஒருமணி நேரம் எல்லாம் நன்றாக இருந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் கருப்பர் கோயிலுக்குப் பின்னால் இருந்த கீழ்ப்பாறைக்குப் போனார்கள். வெயில் ஏறி பாறை சுட்டது. ரேணுகா வெயிலுக்குக் கொண்டுவந்திருந்த துண்டை மடித்துப் பாறையில் வைத்து அதன்மேல் காதை வைத்தாள். பவுன்ராஜ் எதிர்ப்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பாறையில் கன்னத்தைச் சாய்த்தார். இருவருடைய முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. உச்சியில், அந்த வருடம் ஊரையே ஆட்டிவைத்த பாட்டு, வயலின் ஐம்பதும் ஓய்ந்து புல்லாங்குழல் தொடங்கும் பாட்டு, ஓடிக்கொண்டிருந்தது. கீழே பந்தியின் சத்தம் கேட்டது. இலை எடுக்கிறவர்கள், தண்ணீர் கேட்கிறவர்கள், ஒரு கிழவரின் ஏப்பம். உச்சியில் பாட்டு முடிந்தது. இசைத்தட்டு முடிந்து முள் வெறும் கோட்டில் ஓடும் சத்தம், கிறுக், கிறுக், கிறுக் என்று, மேலிருந்தும் கீழிருந்தும் சேர்ந்து வந்தது. வேறு சத்தம் இல்லை.

"அண்ணே."

ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரல் மெல்லிசாக, கொஞ்சம் மூக்கால் பேசுகிறதுபோல இருந்தது.

"என்னா தாயி, என்ன பாட்டுப் போடணும்?" இது இளவயசுப் பவுன்ராஜ்.

"பாட்டெல்லாம் வேணாம்ணே. நான் உன்கூட வீட்டுக்கு வந்துர்றேன். பாப்பாவையும் தூக்கிட்டு வந்துர்றேன். இன்னைக்கே."

கிறுக், கிறுக், கிறுக்.

"விசேஷ வீட்டுல வச்சு என்ன பேச்சு இது? மாப்பிள்ளை காதுல விழுந்தா என்னாகும்?"

"விழட்டும். அவரு கையை நீட்டுனா வாங்கிக்கலாம்ணே, இப்ப அதுக்கும் மேல போயிருச்சு. ரெண்டே ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன். தூங்கிட்டுப் போறேன்."

"சொந்தக்காரவுக பூராம் உக்காந்துருக்காக. அண்ணன் நாளைக்கி வந்து மாப்பிள்ளைகிட்டப் பேசுறேன். போ. போயி சிரிச்ச மூஞ்சியா இரு."

"நாளைக்கா?"

தட்டை மாற்றும் சத்தம் கேட்டது. முள் இறங்கும் சத்தம் கேட்டது. டிரம்ஸும் கிட்டாருமாக அடுத்த பாட்டு, ‘டிஸ்கோ’ பாட்டு, வெடித்துக் கிளம்பியது, அதற்குள் இந்திராணி இன்னும் ஏதோ சொன்னாள், அது மட்டும் கரட்டுக்கும் கேட்டிருக்கவில்லை.

ஊருக்குள் அந்தப் பாட்டுக்காகவே காத்திருந்தவர்கள் விசிலடிப்பது தூரத்தில் கேட்டது. ரேணுகா பாறையிலிருந்து காதை எடுக்கவில்லை. இன்னும் வரும் என்று நினைத்தாளோ என்னவோ, பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தாள். துண்டின் மடிப்பு அவள் கன்னத்தில் பதிந்திருந்தது.

"அம்மா பாட்டே கேக்கலை, மாமா."

பவுன்ராஜ் வாயைத் திறந்தார். "தாயி, சத்தியமா எனக்கு..." என்று ஆரம்பித்தார். அவருடைய ஞாபகத்தில் இருந்தது அத்தனையும் உண்மைதான். பாட்டு ஓடியது, உதடு அசைந்தது, கேட்கவில்லை, தலையாட்டினார். கதையை அவர் ஓர் அரை நிமிடம் பிந்தித் தொடங்கியிருந்தார், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்தை எந்த வருடம் எந்த நாளில் தூக்கி எறிந்தோம் என்று தேடினால் அகப்படவில்லை. முதல்தடவை ஊர்க்காரர்களிடம் சொன்னபோதா, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே முதல்தடவை கதை சொன்னபோதா.

"சத்தியமெல்லாம் வேணாம்" என்று சொல்லி ரேணுகா எழுந்தாள். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து வேலுத்தாயிடம், "தலைவலிக்குது அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாள். என்ன பாட்டு என்று வேலுத்தாய் கேட்கவில்லை. அவள் பவுன்ராஜின் முகத்தைப் பார்த்தாள், சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள், அவர் சாப்பிடாதபோது எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை கரட்டில் பாட்டு வரவில்லை. எட்டு மணிக்கு ஒரு மாட்டுவண்டியின் கடகடப்பும் அதற்கு மேல் இருபத்தைந்து வயதுக் குரலும் வந்தன.

"இந்திராணி. எங்கம்மா இருக்க. அண்ணன் கூப்புடுறேன். எங்க இருந்தாலும் வந்துரு தாயி. இந்திராணி."

தங்கையைக் காணவில்லை என்றதும் குழாயையும் பேட்டரியையும் வண்டியில் கட்டிக்கொண்டு தோப்புதோப்பாக, ஓடைஓடையாக அவர் கூப்பிட்டுப் போனது ஊருக்கு மறந்தே போயிருந்தது. பாட்டு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. டீக்கடையில் கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். மதுரையிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்கள், இது எந்தப் படத்தில் வருகிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டு, உள்ளூர்க்காரர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் வேனில் ஏறினார்கள். வியாழக்கிழமை சாயங்காலமும் அதுதான் ஒலித்தது. டிவிப் பாட்டு ஓரமாக, பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டு ரேடியோ மாதிரி ஒலித்தது. அதன் மேலே குரல் ஊரைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அது கம்மிப்போய், கட்டைக் குரலாகி, ‘தாயி’ என்பது மட்டும் விளங்கும்படி ஆகி, பத்தரை மணிக்கு நடுவார்த்தையில் நின்றது. அப்போதுதான் கிணற்றில் கண்டார்கள். அதற்குப் பிறகு கரட்டில் ஒரு சத்தமும் இல்லை.

ரேணுகா இரண்டு நாளும் ஊரை விட்டுப் போகவில்லை. பவுன்ராஜோடு பேசவும் இல்லை. அவர் எங்கேயாவது பஸ் ஏறிப் போய்விடலாம் என்று பையை எடுத்து வைத்தபோது, வாசலில் நின்றுகொண்டு, "இருங்க" என்றாள்.

பதினொரு மணிக்கு முதல் ஆள் வந்தாள். எதிர்வீட்டுச் சுப்புத்தாய். தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப்பெண்கள் ஏழெட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் மேலத்தெரு, கீழத்தெரு. யாரும் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. அன்றைக்குச் செய்யாமல் விட்டதை முப்பத்தெட்டு வருடம் கழித்துச் செய்ய வந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆண்கள் தலையில் துண்டோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். மணவாளனும் சையது பாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வேலுத்தாய் பட்டாசாலையில், வீட்டு முன்கூடத்தில், பாயை விரித்தாள், ரேணுகா உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்திராணியோடு பூக்கட்டியவள் அழுதாள். தென்னந்தோப்பில் வேலை பார்த்தவன் மனைவி அழுதாள். தர்மர் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய இரண்டாம் மனைவியும் வந்து, ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அம்மாவுக்காக அழத் தெரியாமலே வளர்ந்த ரேணுகா மற்றவர்கள் அழுவதைப் பார்த்துப் பார்த்து, பன்னிரண்டு மணி சுமாருக்குத் தானும் அழுதாள்.

சுப்புத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "பாவி மக உங்க மாமன்கிட்ட ஏதோ சொல்ல வந்துருக்கா, ஆத்தா. பாழாப்போன பாட்டுச் சத்தத்துல அவருக்குக் கேக்காமப் போச்சே. கேட்டுருந்தா விட்டுருப்பாரா?"

சுற்றியிருந்தவர்கள், "ஆமா, விட்டுருப்பாரா" என்றார்கள். அந்தக் கதை ஊர் முழுக்கத் தெரிந்த கதை. பவுன்ராஜ் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரேணுகா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை; பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்ப்பாறையில் காது வைத்தது அவர்கள் இரண்டு பேர்தான். அவள் சொல்லப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தான் பேசாமல் இருந்தால் இந்தக் கதை இப்படியே இருக்கும், தன் காலத்துக்குப் பிறகும் இப்படியே சொல்லுவார்கள் என்பதும் தெரிந்தது.

"எனக்குக் கேட்டுச்சு, மதினி" என்றார்.

அழுகை நின்றது.

"தட்டு முடிஞ்சு போயிருந்துச்சு. சத்தமே இல்லை. ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போண்ணே’ன்னா. நாளைக்கிப் பாக்கலாம்னு சொல்லி, நாந்தான் அடுத்த பாட்டைப் போட்டேன்."

 ஒருத்தி, "விடுங்கண்ணே, வயசு அப்படி, காலம் அப்படி" என்றாள். இன்னொருத்தி, "இப்பப் பேசி என்னாகப் போகுது" என்றாள். அவர்கள் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி வெளியே போனார்கள். அடுத்த தெருப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்களிலும் ஒருத்தி ரேணுகாவைக் கட்டிக்கொண்டு, பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் போயிற்றே என்று சொல்லி அழுதாள். பவுன்ராஜ் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். தட்டு முடிந்து போயிருந்ததையும், அவள் என்ன கேட்டாள் என்பதையும், தான் என்ன சொன்னார் என்பதையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். வாசலில் இருந்த ஆண்கள் துக்கம் கேட்டுக் கைநீட்டியபோது அவர்களிடமும் சொன்னார். சிலர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்கள். சையது பாய் இழுக்கவில்லை.

மூன்று மணிக்குள் அவர் குரல் கம்மிவிட்டது. அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ரேணுகா பாயிலிருந்து எழுந்து உள்ளே போய், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய் முன்பு இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவர் செம்பைத் தூக்கி, தொண்டை நனையும் அளவுக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். உள்ளே வந்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள். பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் போயிற்றே என்ற இடத்துக்கு அவர்கள் வரட்டும் என்று அவர் காத்திருந்தார்.